பைனாகுலரின் விலையும் கண்ணின் வரம்பும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

பறவை பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் கேட்பது எந்த பைனாகுலர் வாங்கலாம் என்பதைத்தான். இந்தியச் சந்தையில் 2,000 ரூபாய்க்கும் பைனாகுலர் இருக்கிறது, இரண்டு மூன்று லட்சத்துக்கும் இருக்கிறது. இரண்டின் மேலும் 8×42 என்றே எழுதியிருக்கலாம். நூறு மடங்கு விலைக்கு நூறு மடங்கு காட்சி கிடைக்காது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு, அது எந்தச் சூழலில் கண்ணுக்குப் புலப்படும், எந்தச் சூழலில் புலப்படவே செய்யாது என்று கணக்குப் போட்டுச் சொல்பவர்கள் குறைவு. விற்பவர் கையிருப்பில் உள்ளதைப் பரிந்துரைப்பார். அனுபவசாலி தன் கழுத்தில் தொங்குவதைப் பரிந்துரைப்பார்.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: பைனாகுலரின் தரம் ஒரு கட்டம் வரை விலையோடு சேர்ந்து செங்குத்தாக ஏறுகிறது. இந்திய விலையில் அந்தக் கட்டம் ஏறத்தாழ 10,000 ரூபாய்க்கும் 25,000 ரூபாய்க்கும் இடையில் வந்துவிடுகிறது. அதற்கு மேல் கொட்டும் பணத்தில் பெரும்பகுதியைப் பார்ப்பவரின் கண்ணும், கை நடுக்கமும், நடுவில் உள்ள காற்றும் விழுங்கிவிடுகின்றன. எஞ்சியதில் உண்மையான பயன் உண்டு. அது யாருக்கு உரியது என்பதையும் பார்க்கத்தான் போகிறோம்.

தமிழ்நாட்டின் ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் கடற்கரையிலும் பகலில் பறவை பார்ப்பவரையே இங்கே முன்வைக்கிறேன். மேற்குமலைச் சோலைக்காடும் இரவு வானமும் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

2. விலை இறங்கிய வரலாறு

இன்றைய நடுத்தர விலைக் கருவி ஏன் நம்பத்தக்கது என்பதற்கு வரலாற்றில்தான் விடை இருக்கிறது. பழைய நாடகக் கண்ணாடிகள் கலிலியோவின் முறையில் இரண்டு லென்ஸ்களால் ஆனவை. நேரான பிம்பம் தரும், ஆனால் பார்வைப் பரப்பு மிகக் குறுகல். இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் முப்பட்டகங்களைக் கொண்டு தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கேற்ற கண்ணாடியும் துல்லியமான வேலைப்பாடும் அன்று கைகூடவில்லை. யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபேயின் வழிகாட்டலில் சைஸ் நிறுவனம் 1894-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முன் லென்ஸ்கள் கண்களைவிட அகன்று நிற்கும், தோள் புடைத்த அந்த உருவத்தைப் பழைய போர்ப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம்.

போரோ முப்பட்டகத்தில் ஒளி நான்கு முறை திரும்புகிறது. நான்கும் முழு அகப் பிரதிபலிப்பு, ஆகவே கண்ணாடிப் பரப்பில் வெள்ளியோ அலுமினியமோ பூச வேண்டியதில்லை. திரும்பும் இடத்தில் ஒளி வீணாவதும் இல்லை. பின்னர் பரவிய கூரை முப்பட்டகம் குழலை நேராக்கியது, கருவியை ஒல்லியாக்கியது, நீர் புகாமல் அடைப்பதை எளிதாக்கியது. அதற்கான விலை பெரிது. கூரை போன்ற விளிம்பின் கோணம் சில விகலைகளுக்குள் பிசகாமல் இருக்க வேண்டும் (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை). பரவலாகப் பயன்படும் ஷ்மிட்-பெக்கான் வகையில் ஒரு பரப்புக்குக் கண்ணாடிப் பூச்சு கட்டாயம். அந்தப் பூச்சு அலுமினியம் என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி அங்கேயே போய்விடும். வெள்ளி என்றால் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு, பல அடுக்கு மின்காப்புப் பூச்சு என்றால் ஒரு விழுக்காடோ அதனினும் குறைவோதான். இது போதாதென்று கூரை விளிம்பில் ஒளிக்கற்றை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்போது இரு பாதிகளின் அலைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் பிம்பத்தின் கூர்மையைக் கெடுக்கும். சைஸ் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த ஃபேஸ் கோட்டிங் இந்தக் குறையைத் தீர்த்தது. அதற்கு முன்பு கூரை முப்பட்டகக் கருவி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் நல்ல போரோ கருவியின் கூர்மையை எட்டவில்லை.

இன்னொரு பாய்ச்சல் 1935-இல் நடந்தது. லென்ஸ் பரப்பில் எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சை சைஸ் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்கூடங்களும், அண்மைக் காலத்தில் சீனத் தொழிற்கூடங்களும் இந்த உத்திகளையெல்லாம் பெருவாரியாகச் செய்யக் கற்றுக்கொண்டன. இன்று பல வணிகப் பெயர்களில் வரும் பைனாகுலர்கள் சீனாவின் குன்மிங் நகரத் தொழிற்கூடங்களில் உருவாகின்றன. ஆக, 1988-இல் மிகச் செல்வந்தர் மட்டுமே வாங்க முடிந்த தொழில்நுட்பம் இன்று 15,000 ரூபாய்க் கருவிக்குள் இருக்கிறது. விலைப்பட்டியலைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

3. மேலே எழுதியிருக்கும் எண்கள்

8×42 என்பதில் 8 பெருக்கம், 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண் லென்ஸிலிருந்து வெளியே வரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. கருவியைக் கையை நீட்டி வானத்துக்கு நேரே பிடித்தால், கண் லென்ஸின் நடுவில் வெள்ளை வட்டமாக அதைப் பார்க்கலாம். 10×42-க்கு 4.2 மி.மீ., 8×32-க்கு 4 மி.மீ., கடற்படையினர் விரும்பும் 7×50-க்கு 7 மி.மீ.க்குச் சற்று மேல்.

இந்த வட்டத்தைக் கண்மணியின் விரிவோடு வைத்துப் பார்க்க வேண்டும். நண்பகல் வெயிலில் கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரைதான் திறந்திருக்கும். இருட்டில் இளைஞருக்கு 7 மி.மீ. வரை விரியும். வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்து, அறுபதை ஒட்டியவர்களில் பலருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. ஓய்வுபெற்ற பின் ஆசையோடு 7×50 வாங்குகிறவர் கழுத்தில் சுமக்கும் கண்ணாடியில் பாதிப் பரப்பின் ஒளி அவர் கண்ணுக்குள் போவதே இல்லை.

பெருக்கம் கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கும், கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும், நடுக்கம் பெரிதாகும். ஒரு புதருக்குள் தாவிக்கொண்டே இருக்கும் கதிர்க்குருவியைப் பிடிக்க 8 மடங்கே போதும். திறந்த நீர்ப்பரப்பில் தொலைவில் நிற்கும் உள்ளான்களுக்கு 10 உதவும் என்பது உண்மை. ஒரே கருவி வைத்திருப்பவருக்கு 8 என்பதே என் பரிந்துரை.

4. ஒளிக் கணக்கு

உயர்விலைக் கருவிக்கு முதலில் சொல்லப்படும் நியாயம் வெளிச்சம். அதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு குழலுக்குள் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் 12 என்று வைத்துக்கொள்வோம். பூச்சே இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். 12 பரப்புகளைக் கடந்து கண்ணுக்கு வருவது 61 விழுக்காடு. ஒற்றைப் பூச்சால் இழப்பு 1.5 விழுக்காடாகக் குறைந்தால் கண்ணுக்கு 83 வரும். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருந்து இழப்பு 0.5 ஆனால் 94. உலகின் மிகச் சிறந்த பூச்சு அதையும் பாதியாக்கி 0.25-க்குக் கொண்டுபோனால் 97.

61-லிருந்து 83-க்கும் அங்கிருந்து 94-க்கும் போவது பெரிய ஏற்றம். அந்த ஏற்றத்துக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கண்ணுக்குத் தெரியும். 94-லிருந்து 97-க்குப் போவதை எந்தக் கண்ணும் உணராது. முப்பட்டக இழப்பையும் கண்ணாடியே உறிஞ்சுவதையும் சேர்த்துக்கொண்டு, நல்ல நடுத்தரக் கருவி 85 விழுக்காடும் உச்சக் கருவி 90 விழுக்காடும் ஒளியைக் கடத்துவதாக எடுத்துக்கொண்டால், வேறுபாடு விண்மீன்களின் பொலிவு அளவையில் 0.06. பொலிவு மாறும் விண்மீன்களை வெறுங்கண்ணால் மதிப்பிட்டுப் பழகியவர்களே 0.1 வேறுபாட்டைக் கண்டுபிடித்தால் அதைப் பெரிய திறமை என்பார்கள்.

அரையிருட்டில் பார்க்க வேண்டுமென்றால் பெரிய முன் லென்ஸ்தான் கைகொடுக்கும், அதிக விலை அவ்வளவாகக் கைகொடுக்காது. கண்மணி 5 மி.மீ. விரிந்திருக்கும் நேரத்தில் 8×42 தன் முன் லென்ஸில் 40 மி.மீ. விட்டத்தின் ஒளியைக் கண்ணுக்குக் கொடுக்கிறது. 8×32-இல் 32 மி.மீ.தான் இருக்கிறது. பரப்பளவில் இது ஒன்றரை மடங்கு வேறுபாடு. எந்த நிறுவனத்தின் பூச்சாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. 18,000 ரூபாய் 8×42 விடியற்கால இருட்டில் லட்சத்தைத் தாண்டும் 8×32-ஐவிட அதிக ஒளி தருவது இதனால்தான்.

5. கண், கை, காற்று

இதுதான் கட்டுரையின் மையம். இயல்பான பார்வையுள்ள கண் ஒரு கலை அளவு விலகிய இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காணும். 8 மடங்கு கருவியோடு அது 7.5 விகலையாகிறது. 42 மி.மீ. லென்ஸ் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய கூர்மையோ 2.8 விகலை. அதாவது கண்ணால் எடுத்துக்கொள்ள முடிந்ததைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகமான கூர்மையை லென்ஸ் கையிருப்பில் வைத்திருக்கிறது. தொழிற்கூடத்தில் சற்றே அலட்சியம் நேர்ந்து கருவி தன் கோட்பாட்டுத் திறனில் பாதியையே எட்டினாலும், பார்வைப் பரப்பின் நடுவில் அது இன்னும் கண்ணைவிடக் கூர்மையாகத்தான் இருக்கும்.

வெயிலில் நிலைமை இன்னும் சாதகம். கண்மணி 2.5 மி.மீ. மட்டும் திறந்திருக்கும்போது 8 மடங்கு கருவியின் முன் லென்ஸில் நடுவிலுள்ள 20 மி.மீ. மட்டுமே வேலை செய்கிறது. லென்ஸின் ஓரப் பகுதியில்தான் பிழைகள் அதிகம், அந்தப் பகுதி அப்போது ஓய்வில் இருக்கிறது. பள்ளிக்கரணையில் காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் ஒரு நடுத்தர 8×42-ஐயும் ஓர் உச்சவிலை 8×42-ஐயும் மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்து, நடுவில் தெரியும் நீலத்தாழைக்கோழியின் நெற்றிச் சிவப்பைப் பாருங்கள். எது எது என்று சொல்ல முடியாமல் தடுமாறுவதில் வியப்பில்லை.

அடுத்தது கை. கருவி 8 மடங்கு பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும் 8 மடங்காக்குகிறது. பைனாகுலரைத் தூண் மீது சாய்த்தோ, முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றியோ பார்த்தவுடன் புலப்படும் கூடுதல் நுணுக்கம், கருவியை மாற்றுவதால் கிடைப்பதைவிட மிக அதிகம். வேடந்தாங்கல் கரையில் இதை யார் வேண்டுமானாலும் செலவில்லாமல் சோதிக்கலாம். நின்றபடி கையில் பிடித்து ஒரு கூழைக்கடாவைப் பாருங்கள். பிறகு கரையோரக் கம்பிவேலித் தூணில் கருவியைத் தாங்கவைத்து அதே பறவையைப் பாருங்கள். அலகின் கீழ்ப்பையில் உள்ள நுண்ணிய மடிப்புகள் இரண்டாவது பார்வையில்தான் எழும். நடுக்கத்தை நிறுத்தும் பொறி உள்ள கேனன் கருவிகள் தனி வகை. அவை பேட்டரியில் ஓடுகின்றன, விலை நடுத்தரத்துக்கு மேலே. ஆனால் கை நடுக்கம் மிகுந்த முதியவர்களுக்கு ஐரோப்பிய உச்சக் கருவிகளைவிட அவையே அதிகம் உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூன்றாவது காற்று. கோடியக்கரை உப்பளப் பகுதியில் பத்து மணிக்கு மேல் தரை சூடேறியதும் தொலைவில் நிற்கும் பூநாரைகளின் கால்கள் நெளியத் தொடங்கும். கால் கறுப்பா மஞ்சளா என்று பார்த்தே பிரித்தறிய வேண்டிய இரண்டு வகைக் கொசு உள்ளான்கள் அந்த அலையில் ஒன்றாகிவிடும். இதைத் திருத்தும் கண்ணாடி எதுவும் உலகில் இல்லை. ஆறு மணிக்கே போய்விடுவதுதான் ஒரே வழி.

6. உச்சவிலை உண்மையில் தருவது

இவ்வளவு சொன்னதால் உயர்விலைக் கருவிகளில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றை வடிவமைத்தவர்களின் உழைப்பு மதிப்புக்குரியது. ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் 2020-இல் வெளியிட்ட என்.எல். ப்யூர் 8×42-ஐயும், நம் ஊரில் பலரின் முதல் கருவியான ஒலிம்பஸ் 8×40 போரோவையும் அருகருகே வைக்கலாம். முன்னதில் 1,000 மீட்டர் தொலைவில் 159 மீட்டர் அகலம் தெரியும், பின்னதில் 143 மீட்டர். வேறுபாடு இருக்கிறது, ஆனால் 10,000 ரூபாயை ஒட்டிய கருவிக்கு இந்த அகலம் அரிய பேறு. உண்மையான வேறுபாடு வேறு இடங்களில் இருக்கிறது. முன்னதில் ஓரம் வரை பிம்பம் கூர்மையாக நிற்கும். பின்னதில் நடுவிலிருந்து வெளியே போகப் போக மங்கும். எதிர்வெயிலில் முன்னது தெளிவைக் காப்பாற்றும், பின்னதில் பால் படர்ந்ததுபோல் வெளுக்கும். முன்னது நீர் புகாதது, பின்னது புகக்கூடியது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கண்ணுக்கும் கருவிக்கும் இடையில் விடவேண்டிய தூரம். முன்னதில் 18 மி.மீ., பின்னதில் 12 மி.மீ. மூக்குக்கண்ணாடி போடாதவருக்கு இது ஒரு பொருட்டில்லை. போடுகிறவருக்கு 15 மி.மீ.க்குக் குறைந்தால் பார்வைப் பரப்பின் ஓரமே தெரியாது. அந்த 143 மீட்டர் அவருக்குக் காகிதத்தில் மட்டும்தான். ஆனால் இதற்கு லட்சங்கள் தேவையில்லை. 16 மி.மீ.க்கு மேல் இடம்விடும் கூரை முப்பட்டகக் கருவிகள் நடுத்தர விலையிலேயே ஏராளம். வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும்.

நாள் முழுக்க, வருடம் முழுக்கக் கண்ணில் பைனாகுலரோடு வேலை செய்யும் கள ஆய்வாளர் உச்சக் கருவி வாங்கினால் அது நியாயமான செலவு. ஓரம் வரை சீரான பிம்பம் எட்டு மணி நேரக் கண் சோர்வைக் குறைக்கும். ஆனைமலைச் சோலையில் விடியற்காலை ஆறு மணிக்கு, மரக்கூரைக்குக் கீழே, வெளிறிய வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கிளையில் ஒரு சிறு பறவையின் கன்னத்து நிறத்தைத் தேடுபவருக்கும் அந்தக் கருவியின் நிறப்பிழைத் திருத்தம் பயன்படும். வார இறுதியில் ஏரிக்கரைக்குப் போகும் நம்மில் பெரும்பாலோர் அந்த நிலையில் இல்லை.

7. மலிவின் பொறி

நடுத்தரத்தை வலியுறுத்தும் கட்டுரை, அதற்குக் கீழே உள்ள பள்ளத்தையும் காட்டியாக வேண்டும். சுற்றுலா இடங்களின் கடைகளிலும் இணைய விற்பனையிலும் கிடைக்கும் 2,000 ரூபாய்க் கருவிகள் பல பேரைப் பறவை பார்ப்பதிலிருந்தே விரட்டிவிடுகின்றன. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. ஆர்வத்தோடு வந்த ஒரு மாணவி மூன்று நாளில் தலைவலியோடு கருவியைப் பரணில் போட்டுவிட்டு, தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்பிவிடுகிறாள்.

அந்தத் தலைவலியின் காரணம் எளியது. இரு குழல்களும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். மிக மலிவான கருவியில் முப்பட்டகங்கள் ஒட்டுப்பசையில் நிற்கின்றன. ஒருமுறை கீழே விழுந்தாலும், சில சமயம் விழாமலேயேகூட, ஒரு குழல் விலகிவிடுகிறது. மூளை இரு பிம்பங்களையும் ஒன்றாக்கக் கண் தசைகளை இழுத்துப் பிடிக்கிறது. பத்து நிமிடம் தாங்கும், அதற்கு மேல் வலிதான்.

செம்மாணிக்க நிறத்தில் பளபளக்கும் முன் லென்ஸைக் கண்டால் வாங்காதீர்கள். சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும் அந்தப் பூச்சு, லென்ஸின் நிறப்பிழையை மறைப்பதற்காகவே போடப்படுகிறது. உள்ளே வரும் காட்சி மங்கிப் பச்சை பாய்ந்திருக்கும். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் பைனாகுலர்களும் வேண்டாம். பார்வைப் பரப்பு குறுகல், இரு குழல்களின் பெருக்கத்தையும் ஒன்றாகவே வைத்திருப்பது மலிவுத் தயாரிப்பில் நடக்காத காரியம். 60×60 என்று அச்சிட்ட பெட்டிகள் அப்பட்டமான பொய். 60 மி.மீ. லென்ஸும் 60 மடங்கும் உண்மையென்றால் ஒளிவட்டம் 1 மி.மீ. இருக்க வேண்டும். கருவியை வானத்துக்கு நேரே பிடித்து, கண் லென்ஸுக்குப் பின்னே வெள்ளைத்தாளை வைத்து, விழும் வட்டத்தை அடிக்கோலால் அளந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

8. ஈரக்காற்றும் பூஞ்சையும்

வெளிநாட்டு மதிப்புரைகள் எவற்றிலும் போதிய இடம் பெறாத, நமக்கு மிக முக்கியமான விஷயம் இது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 65 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கிறது. பூஞ்சைக்கு அது உகந்த நிலை. சிலந்தி வலையைப் போல லென்ஸில் படர்ந்து, தான் சுரக்கும் அமிலத்தால் பூச்சை அரித்துவிடும். ஒருமுறை அரித்த பூச்சு திரும்பாது. மூன்று லட்சம் ரூபாய்க் கருவியையும் பூஞ்சை விட்டுவைக்காது. வெளிப்புற லென்ஸ்களில் அது தாராளமாகப் பிடிக்கும்.

ஆகவே நம் ஊரில் நைட்ரஜன் நிரப்பி ரப்பர் வளையத்தால் அடைத்த குழல் ஓர் ஆடம்பரம் ஆகாது. குழலின் உட்புறத்தை அது காக்கும். நல்ல செய்தி, இந்த வசதி இப்போது நடுத்தர விலையிலேயே வந்துவிட்டது. வெளிப்புறத்தைக் காக்க வேண்டியவர் உரிமையாளர். பைனாகுலரோடு வரும் துணிப்பையில் போட்டு அலமாரிக்குள் பூட்டிவைப்பதைப்போல் கேடு வேறில்லை. பை ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில, ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று, இவ்வளவே போதும். எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தொடாது. மீட்டரில் 40 முதல் 50 வரை காட்டினால் சரி. ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி உள்ளே போடலாம். அடைப்பில்லாத போரோ கருவி வைத்திருப்பவர் மழையில் நனைந்தால் அன்றிரவே டப்பாவில் வைத்துவிட வேண்டும்.

9. கடையில் சோதிக்கும் முறை

ஒரே வகைக் கருவியிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும். நடுத்தர விலையில் இந்த வேறுபாடு சற்று அதிகம், ஆகவே முடிந்தவரை நேரில் பார்த்து வாங்க வேண்டும். கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதால் எதுவும் தெரியாது. வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதலில் முன் லென்ஸில் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். எல்லாம் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது. நடுவே ஒரு வெள்ளைப் பிரதிபலிப்பு பளிச்சென்று தெரிந்தால் அந்தப் பரப்புக்குப் பூச்சு இல்லை. பெட்டியில் 'கோட்டட்' என்று மட்டும் இருப்பதற்கும் 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' என்று இருப்பதற்கும் உள்ள தூரம் நான்காம் பிரிவில் போட்ட கணக்கின் தூரம்.

பிறகு கையை நீட்டிப் பிடித்து ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் நல்லது. போரோ கருவியில் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் முப்பட்டகம் ஒளிவிலகல் எண் குறைந்த பிகே-7 கண்ணாடியால் ஆனது. பேக்-4 கண்ணாடியில் இந்தக் குறை வராது.

இனி எதிர்வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நேர்கோட்டைக் கருவியில் பிடியுங்கள். கோட்டைப் பார்த்தபடியே கருவியைக் கண்களிலிருந்து மெல்ல விலக்குங்கள். இரு வட்டங்களிலும் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் தெரிந்தால் அந்தக் கருவி வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். கடைசியாக, வெளுத்த வானத்தில் கைபேசிக் கோபுரத்தின் மேலிருக்கும் காக்கையைத் தேடுங்கள். அதன் விளிம்பில் ஊதாவும் பச்சையும் மெல்லிதாகத் தெரிவது நடுத்தர விலையில் இயல்பு. அது நடுப்பகுதியிலேயே தடிப்பாகத் தெரிந்தால் வேறொன்றைக் கேளுங்கள். குவியச் சக்கரம் இரு திசையிலும் தளர்ச்சியின்றித் திரும்புகிறதா என்பதையும் இந்தக் காக்கையை வைத்தே பார்த்துவிடலாம்.

10. பலர் கையில்

மா. கிருஷ்ணன் வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தானே சேர்த்து ஆக்கி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்ட கேமராவோடு காடுகளில் திரிந்தார். இந்தியக் காட்டுயிர் எழுத்தில் அவருக்கு இணையானவர் அரிது. அவருடைய பலம் நாள்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில் இருந்தது. கருவியைவிட அதோடு செலவிடும் நேரமே பெரிது என்பது பைனாகுலருக்கும் பொருந்தும். 850 கிராம் எடையுள்ள, விழுந்துவிடுமோ என்று அஞ்சி வீட்டில் வைத்துவிட்டுப் போகும் கருவியைவிட, மழையிலும் பேருந்து நெரிசலிலும் கழுத்திலேயே கிடக்கும் கருவி அதிகப் பறவைகளைக் காட்டும்.

பணக் கணக்கு பள்ளிகளில் இன்னும் துல்லியமாகத் தெரியும். உச்சக் கருவி ஒன்றின் விலையில் 10,000 ரூபாய் போரோ கருவிகள் இருபதுக்கு மேல் வாங்கலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் இறங்கும் ஒரு பசுமைப்படை மன்றத்தில் நாற்பது மாணவர்களுக்கு ஒரே பைனாகுலர் என்றால், ஒவ்வொருவரும் அரை நிமிடம் கண்ணில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டியதுதான். பறவை அதுவரை காத்திருக்காது. இருவருக்கு ஒன்று கிடைத்தால் ஒருவர் பார்க்க, ஒருவர் எண்ணிக் குறிக்கலாம். பாதி நேரத்தில் கைமாற்றிக்கொள்ளலாம். மாவட்டந்தோறும் சில பள்ளிகளுக்காவது இப்படிக் கருவிகள் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். கொடையாளர்கள் ஒரு பெரிய பரிசுக்குப் பதில் பல சிறிய கருவிகளைத் தருவதே நல்லது.

மாணவர்களிடம் கொடுக்கும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். இரு குழல்களையும் மடித்து விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகும் வரை தன் கண்ணிடைவெளிக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் ஒரு பெயர்ப்பலகை எழுத்தைப் பார்த்து நடுச் சக்கரத்தால் கூர்மையாக்க வேண்டும். அடுத்து இடக்கண்ணை மூடி, வலக் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்க வேண்டும். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இருவர் மாற்றிக்கொள்ளும்போது அதைத் தத்தம் இடத்துக்குத் திருப்பிவிடலாம். இந்த ஒரு படி தெரியாததால்தான் பலர் நல்ல கருவியையே மங்கலாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.